எலி வேட்டைக்குப் போனால் எங்கே படுப்பது?



"அரையாண்டு லீவுக்கு எங்க வீட்ல எல்லாரும் வேட்டைக்குப் போவோம்" என்று ஹாஸ்டலில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் "புலியா, பன்றியா?" என்பார்கள். எலிதான்! 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு முயல், நாரை, கொக்கு என்று எதன்மேலும் கைவைக்க முடியாது. வயல் எலிக்கு மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சம்பா நெல் மார்கழியில் சூல் கட்டிக் கதிர் விடும். அந்தச் சமயத்தில்தான் எலி தூரோடு கடித்துப் போடும். தின்பதைவிட வெட்டிப் போடுவதும் வளைக்குள் இழுத்துக்கொண்டு போவதும் அதிகம். இதற்கு எங்கள் அப்பா வைப்பது தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிலும் கயிறும் சேர்த்து வில் மாதிரிக் கட்டிய பொறி. எலி இரையைத் தொட்டதும் வில் நிமிர்ந்து கயிறு இறுக்கிவிடும். விஷம் இல்லை, கரண்ட் இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைகளிலும் இந்தக் கிட்டிக்கு இடம் உண்டு. ஏக்கருக்கு முப்பது நாற்பது வைக்க வேண்டும். சாயங்காலம் வைத்தால் விடிவதற்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாயும் காக்காயும் கிட்டியோடு இழுத்துக்கொண்டு போய்விடும். எண்ணிக்கை பார்த்துத்தான் கூலி.

அதனால் ராத்திரி வயல்பக்கமே தங்கியாக வேண்டும். ஒரத்தநாடு பக்கம் நாலு நாள், நீடாமங்கலம் பக்கம் நாலு நாள் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். அப்பா, அம்மா, நான், தம்பி, தங்கை என ஐந்து பேர். மோட்டார் கொட்டகை கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு திடலில் நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதுதான்.

இந்த வருடம் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த ஐயாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. ஒரு கூடாரம் வாங்கலாம் என்றேன். அப்பா சொன்னார்: "தார்ப்பாயே போதும் பாப்பா. கூடாரத்துக்குள்ள போய் மூடிக்கிட்டா கிட்டி விழுற சத்தம் எப்படிக் கேக்கும்?" அம்மா எதுவும் சொல்லவில்லை. ராத்திரி தனியாக வந்து, "துணி மாத்துற மாதிரி ஒரு மறைப்பு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். எனக்கு வயது இருபது, தங்கைக்குப் பதினான்கு. அம்மா சொன்னதன் கனம் பெண்களுக்குப் புரியும்.

சரி, வாங்குவதற்கு முன் யோசிப்போம் என்று உட்கார்ந்தேன். வெளிநாட்டுக் காணொளிகளில் குடும்பத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தடித்த கான்வாஸ் கூடாரம் அடித்து, உள்ளே விறகு அடுப்பு வைத்து, புகைபோக்கியைக் கூரை வழியாக வெளியே விடுகிறார்கள். அவர்களுக்கு எதிரி பனிக்கட்டி. நமக்கு மார்கழியில் தஞ்சாவூரில் எவ்வளவு குளிர்ந்தாலும் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்தக் குளிரில் யாரும் உறைந்துபோக மாட்டார்கள். ஆனாலும் விடியற்காலை நாலு மணிக்குப் பல் கிட்டுகிறதே, ஏன்?

ஈரம்தான் காரணம். சுற்றிலும் தண்ணீர் கட்டிய வயல். கீழே களிமண். மேலே பனி. ஈரத்தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாம் கூரையைப் பற்றியே பேசுகிறோம், குளிர் ஏறுவதோ முதுகு வழியாக. ஆகவே முதல் செலவு தரைக்கு. கீழே ஒரு தார்ப்பாய், அதன்மேல் காய்ந்த வைக்கோல், அதன்மேல் கோரைப்பாய். வைக்கோலுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. வைக்கோல் நனைந்துவிட்டால் அந்தப் பலன் போய்விடும். அதனால் தினமும் வெயிலில் உதறிப் போட வேண்டும், அடியில் என்ன ஒண்டியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கூரை. கடையில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் கூடாரம் பெரும்பாலும் ஒற்றைத் துணி. தண்ணீர் உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகாது. ஐந்து பேர் ராத்திரி முழுக்க மூச்சு விட்டால் கூடாரச் சுவரில் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு, விடியும்போது போர்வைமேல் சொட்டும். மழை பெய்யாமலே நனையலாம் :-) இரட்டைத் துணிக் கூடாரத்தில் உள்ளே வலை, வெளியே மழைத்துணி, நடுவில் காற்று போக இடம் இருக்கும். நீர் கோத்தாலும் வெளித்துணியில்தான் கோக்கும். விலை கூடுதல். இன்னொரு விஷயம், "நாலு பேர் கூடாரம்" என்றால் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் நாலு பேர் என்று அர்த்தம். மூட்டை முடிச்சோடு மூன்று பேர்தான்.

தார்ப்பாயைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்துவிட்டுப் போனபிறகு கூரை இழந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் வீடாக இருந்தது. உயர இழுத்துக் கட்டினால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், அப்பாவுக்குக் கிட்டிச் சத்தமும் கேட்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டுக்கிடை கொண்டுவரும் கீதாரிகளிடம் பனையோலைக் கூடாப்பு இருக்கும். வளைந்த முதுகு, மழை வழிந்து ஓடிவிடும், தோளில் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆனால் இரண்டுக்குமே ஒரே குறை. தரையோடு சேர்ந்து மூடாது.

என்னை முடிவெடுக்க வைத்தது அந்தக் குறைதான். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. வயிற்று வலி, கண் இமை சொருகுவது, பேச்சுக் குழறுவது என்று தெரியவரும்போது நேரம் போயிருக்கும். அப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் மந்திரம், பச்சிலை என்று நிற்காமல் 108-ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதற்கு அடுத்தது உண்ணிக் காய்ச்சல். புல், புதரில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வருவது, இந்தக் குளிர் மாதங்களில்தான் அதிகம். போதாததற்கு எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் வேறு. எங்கள் வேலையே எலியோடு!

ஆக, எனக்கு வேண்டியது குளிர் தாங்கும் கூடாரம் இல்லை. தரையோடு தைத்த, ஜிப் போட்டு மூடுகிற வலை அறை. கூரையைத் தார்ப்பாய் பார்த்துக்கொள்ளும். இப்படி யோசித்ததும் கணக்கு சுலபமாகிவிட்டது. இரட்டைத் துணிக் கூடாரம் ஒன்று. அதன் உள்வலை அறையை மட்டும் உயரக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே நிறுத்துவது. நாலு பக்கமும் காற்று வரும், நீர் கோக்காது, பாம்பும் பூச்சியும் நுழையாது. மழையும் காற்றும் சேர்ந்து அடித்தால் வெளித்துணியையும் மாட்டிக்கொள்ளலாம். அம்மா, தங்கை, நான் அதற்குள். துணி மாற்றும்போது வெளித்துணி மறைப்பாகிவிடும். அப்பாவும் தம்பியும் பக்கத்திலேயே கொசுவலைக்குள், விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு. மீதிப் பணத்துக்கு எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ், ஒரு நல்ல டார்ச்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம். கரிச்சட்டி உள்ளே வரக்கூடாது. "கைகாலைக் காய்ச்சிக்கிட்டு வெளியில வச்சிடலாம்" என்பார்கள். தூக்கம் வந்தால் யார் எடுத்து வைப்பது? கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வட இந்தியாவில் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலமும் செய்தி வருகிறது. குளிர்ந்தால் இன்னொரு போர்வை. அவ்வளவுதான்.

இடம் பார்ப்பதை அப்பாவிடமே விட்டுவிட்டேன். அதில் அவரை மிஞ்ச முடியாது. திடலில் மேடான பக்கம், வரப்பு வளைகளுக்கும் வைக்கோல் போருக்கும் எட்ட, தென்னை மரத்துக்கு நேர்கீழே இல்லாமல், மழை வந்தால் தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி. அரிசி, கருவாடு, கிட்டிக்கான இரை எல்லாம் மூடிபோட்ட டப்பாவில், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி. சாப்பாட்டு வாசனைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் எது வரும் என்றுதான் மேலே சொல்லிவிட்டேனே.

கணக்கை எல்லாம் காகிதத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலை வழியாச் சத்தம் கேக்கும்ல?" என்றார். கேக்கும்ப்பா என்றேன். "அப்ப வாங்கு" என்றார்.

வேட்டைக்கு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஹாஸ்டல் தோழிகளே, தாராளமாக வாருங்கள். கூடாரத்தில் மட்டும் இடம் கேட்காதீர்கள். மூன்று பேர்தான் படுக்கலாம்!