உப்பும் சர்க்கரையும்

பேதி என்றதும் முகம் சுளிப்பவர்கள் எங்களை மன்னிக்கவும். இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

சனிக்கிழமைதோறும் சிஸ்டருடன் நாங்கள் சமூக சேவைக்காகப் பள்ளியின் பின்தெருவுக்குச் செல்வது வழக்கம். சென்ற ஆடி மாதத்தில் ஒரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை துவண்டு கிடந்தது. காலையிலிருந்து எட்டுமுறை பேதியாம். கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதபோது கண்ணீர் வரவில்லை. அதன் பாட்டியோ ஒரு சொட்டுத் தண்ணீரும் தரவில்லை. “குடுத்தா குடுத்தது அப்படியே போயிடும் கண்ணு” என்றார். எங்களில் பலருடைய வீட்டிலும் இதே எண்ணம்தான். ஆகவே நாங்கள் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் மறைந்தது. உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். குழந்தை பிழைத்துக்கொண்டது.

பேதியில் நீரும் உப்பும் வெளியேறுவதால்தான் உயிருக்கு ஆபத்து. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் உடன் அழைத்துச் செல்கிறது; பின்னாலேயே நீரும் செல்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றச் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹாலநாபிஸ் இவ்வகைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கிற்று.

மனையியல் வகுப்பில் நாங்களும் இதைத் தயாரித்தோம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ‘தலைதட்டி’ என்பதைக் காதில் வாங்காமல் உப்பைக் குவித்துப் போட்ட குழு எதுவென்று சொல்லமாட்டோம்! கண்ணீரை விட உப்புக் கரித்தால் கொட்டிவிட வேண்டும். குழந்தைக்கு அது கெடுதல்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். பெற்றோரே, பொட்டலத்தில் பாதியை டம்ளரில் கரைக்காதீர்கள். முழுவதையும் அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கலர், சோடா கூடவே கூடாது. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை பேதியைக் கூட்டும். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சிறுநீர் கழிக்காவிட்டாலோ, குடிக்க முடியாமல் மயங்கினாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

மறுமாதம் நாங்கள் அந்த வீட்டுக்குப் போனோம். குழந்தை வாசலில் தவளைக்குஞ்சு போல் குதித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பையனுக்குப் பேதியாம். பாட்டி ஒரு சொம்பை எங்களிடம் நீட்டி, “உப்பு சரியா இருக்கா, பாத்துச் சொல்லு கண்ணு” என்றார்.