மேல்தாடையும் எலும்பு மாத்திரையும்

திருவொற்றியூர்

அன்புள்ள அக்கா,

"பல்லு கட்டப் போனவளுக்கு மூக்குல ஆபரேஷனாம்டா" என்று நீ போனில் சொன்னபோது, பின்னாலிருந்து மாமா "வேணாம்னு சொல்லிட்டு வா" என்று குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது. இதைப் போனில் பேசினால் பாதியில் குக்கரை இறக்க ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன வருஷம் எனக்கும் இதே சைனஸ் லிஃப்ட்தான் செய்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே முடிவெடு.

முதலில் மூக்கை மறந்துவிடு, அதில் கத்தி படுவதே இல்லை. கண்ணுக்குக் கீழே, மேல் கடைவாய்ப் பல் வேர்களுக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள் ஒரு காலி அறை உண்டு. உள்ளே வெறும் காற்று. அதைத்தான் சைனஸ் என்கிறார்கள். பல் இருக்கிறவரை அறைக்கும் வாய்க்கும் நடுவே எலும்பு திடமாக நிற்கும். பல்லைப் பிடுங்கிவிட்டால் அந்த எலும்புக்கு வேலை போய்விடுகிறது. கீழேயிருந்து அது கரைகிறது, மேலேயிருந்து அறையின் தரை இறங்கி வருகிறது. பாப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே நீ அந்தப் பல்லை எடுத்துவிட்டாய். இத்தனை வருஷம் சும்மா கிடந்த இடத்தில் 3 மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் என்று ஸ்கேனில் வந்தால் ஆச்சரியமில்லை. இம்பிளான்ட் என்கிற டைட்டானியம் திருகு எட்டு, பத்து மில்லிமீட்டர் நீளம் இருக்கும். 3 மில்லிமீட்டரில் அது எதைப் பிடித்து நிற்கும்? அதனால் அறையின் தரையில் ஒட்டியிருக்கும் சவ்வை மெதுவாகப் பெயர்த்து மேலே தூக்கி, கீழே கிடைக்கும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்புகிறார்கள். 'லிஃப்ட்' என்று அவர்கள் சொல்வது இந்தச் சவ்வைத் தூக்குவதைத்தான்.

உன்னை மாதிரியே பயந்த ஒரு அம்மாவைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் 1600-களில் அவருக்கு மேல் கோரைப்பல்லைப் பிடுங்கினார்கள், குழியிலிருந்து சீழ் வடிவது நிற்கவே இல்லை. வெள்ளி ஊசி ஒன்றை விட்டுப் பார்த்திருக்கிறார், உள்ளே போனது. பிறகு முடியை உரித்த ஒரு இறகுக் காம்பை விட்டார். அதுவும் முழுசாக உள்ளே போய்விட்டது. மூளை வரைக்கும் போய்விட்டது என்று நடுங்கிப்போய் நத்தானியேல் ஹைமோர் என்கிற மருத்துவரிடம் ஓடினார். அவர் படத்தைக் காட்டி, இது எல்லோருக்கும் இருக்கிற அறைதானம்மா என்று தேற்றி அனுப்பினார். 1651-ல் அவர் எழுதிய உடற்கூறு நூலில் இந்தச் சங்கதி இருக்கிறது. அந்த அறைக்கு இன்றைக்கும் அவர் பெயரையும் சொல்கிறார்கள். உன் டாக்டரும் உனக்கு ஒரு படத்தைக் காட்டியிருந்தால் மாமா கத்தியிருக்க மாட்டார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மயக்க மருந்து கிடையாது, பல் பிடுங்கும்போது போடுகிற மரத்துப்போகிற ஊசிதான். வலி இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. ஈறை விலக்கி, கன்னத்துப் பக்கச் சுவரில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டுகிறார்கள். அந்த உறுமல் காதில் விழாது, மண்டைக்குள்ளேயே கேட்கும். அதற்குப் பிறகு வெகு நேரம் சத்தமே இல்லை. டாக்டரும் பேசவில்லை, உதவிக்கு நின்ற பெண்ணும் பேசவில்லை. சவ்வைப் பெயர்க்கிற நேரம் அதுதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். பச்சை முட்டையின் ஓட்டை உடைத்து, உள் தோல் கிழியாமல் எடுத்துப் பழகித்தான் இந்த வேலைக்கு வருவார்களாம். முடிந்த பிறகு போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். ஜன்னலுக்குள்ளே நீலம் பூத்த சாம்பல் நிறத்தில் ஒன்று, நான் மூச்சை இழுத்தால் ஒரு பக்கம், விட்டால் இன்னொரு பக்கம் அசைகிறது. என் மூச்சை நானே கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சவ்வு கிழிவதுதான் இதில் அடிக்கடி நேருகிற சிக்கல். சின்னக் கிழிசல் என்றால் மேலே ஒரு படலத்தை வைத்து மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், பெரிதானால் தையல் போட்டு அனுப்பிவிட்டுச் சில மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். இதை டாக்டரிடமே கேள். "அதெல்லாம் ஆகாதும்மா" என்று கையை வீசுகிறவரைவிட, அப்படி ஆனால் என்ன செய்வேன் என்று சொல்கிறவரை நம்பு.

இன்னொன்று. எலும்பு ஐந்தாறு மில்லிமீட்டர் இருந்தால் ஜன்னலே வேண்டாம். பல் இருந்த இடத்தின் வழியாகவே தட்டித் தட்டித் தரையை உயர்த்துகிற சின்ன முறை 1994 முதல் இருக்கிறது. உனக்கு எது என்பதை சி.பி.சி.டி. ஸ்கேன்தான் சொல்லும், கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை. ஸ்கேன் பதிந்த சி.டி. தட்டை நீயே வாங்கி வைத்துக்கொள்.

உள்ளே நிரப்புகிற எலும்புத் துகள் எதில் செய்தது என்று நீ கேட்டிருக்க மாட்டாய், டாக்டரும் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்காவில் டேட்டம் என்பவர் எழுபதுகளில் சைனஸ் லிஃப்டைச் செய்யத் தொடங்கினார். பாய்ன், ஜேம்ஸ் இருவரும் 1980-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அப்போதெல்லாம் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைப்பார்கள். இப்போது உலகம் முழுக்க அதிகம் புழங்குவது பதப்படுத்திய மாட்டு எலும்புத் துகள். வள்ளலார் வழிக்கு வந்து கவுச்சியை விட்டவள் நீ, முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடுவதில்லை. உன் தாடையில் கேட்காமல் மாட்டெலும்பை வைத்துவிட்டுப் பிறகு உனக்குத் தெரியவந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். செயற்கையாகச் செய்கிற கால்சியம் பாஸ்பேட் துகள் இருக்கிறது, அதில் மிருகச் சம்பந்தம் இல்லை. முன்கூட்டியே சொல், வரவழைத்து வைப்பார்கள். சவ்வை மூடுகிற படலமும் பெரும்பாலும் பன்றி, மாட்டிலிருந்து வருவதுதான், அதையும் சேர்த்துக் கேள். உன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிச் செய்கிற படலமும் உண்டு.

இவ்வளவும் முன்னுரைதான் அக்கா. நான் உட்கார்ந்து எழுதியதற்குக் காரணம் உன் எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை.

வாரத்துக்கு ஒருநாள், வெறும் வயிற்றில் ஒரு சொம்புத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல் கூடத்தில் நடப்பாயே, அது. அலெண்ட்ரோனேட்டாகத்தான் இருக்கும், அட்டையைப் பார். வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற சோலெட்ரோனிக் ஆசிட் ஊசியும் அதே வகைதான். பிஸ்பாஸ்பொனேட் என்பார்கள். எலும்பு கரைவதை அது தடுக்கிறது, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய பிறகோ தாடையில் கத்தி வைத்த பிறகோ புண் ஆறாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. 2003-லிருந்து மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். புற்றுநோய்க்காகப் பெரிய அளவில் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குத்தான் இது அதிகம். உன்னைப் போல வார மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மிக அரிது. ஆனாலும் எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறாய் என்பது டாக்டருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா" என்று கேட்டார்களே ஒழிய எலும்பு மாத்திரை பற்றி யாரும் கேட்கவில்லை என்று நீயே சொன்னாய். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதே. அதேசமயம் இதைப் படித்துவிட்டு நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே, இடுப்பு முறிந்தால் அது பல்லைவிடப் பெரிய கதை. பல் டாக்டரும் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பா வேலை பார்த்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி ஞாபகம் வந்தது. தீப்பெட்டிக்கும் தாடைக்கும் பழைய பகை உண்டு. வெள்ளைப் பாஸ்பரஸில் தீக்குச்சி செய்த காலத்தில், அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குத் தாடை எலும்பு அழுகி விழுந்தது. லண்டனில் 1888-ல் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த நாளில் இந்த நோய் ஊரறிந்த விஷயம். 1906-ல் பெர்னில் கூடிய நாடுகள் அந்தப் பாஸ்பரஸைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன, நம் நாட்டில் 1913-ல் சட்டம் வந்தது. அப்பா செய்தது பெட்டிப் பக்கவாட்டில் உரசுகிற சேஃப்டி தீக்குச்சி, அதில் அந்த ஆபத்து இல்லை. நூறு வருஷம் கழித்து மாத்திரையால் வருகிற தாடைப் புண்ணைப் பார்த்த மருத்துவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பழைய தீப்பெட்டி நோய்தானாம். விம்கோவை நடத்தியதும் ஸ்வீடன்காரர்கள், 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியம் திருகைப் பதித்த பிரானமார்க்கும் ஸ்வீடன்காரர். நம் குடும்பத்துக்கும் அந்த ஊருக்கும் ஏதோ கணக்கு இருக்கிறது போல!

எனக்கு மாத்திரைப் பிரச்சினை இல்லை, மூக்குப் பிரச்சினைதான். ஸ்கேனில் சவ்வு தடித்திருக்கிறது என்று வந்ததால் பல் டாக்டர் வேலையைத் தொடங்கவில்லை, ஸ்டான்லியில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இந்த ஊரில் யாருக்குத்தான் மூக்கு சரியாக இருக்கிறது? ஹார்பரில் நிலக்கரி இறக்குவதை 2011-ல் கோர்ட் நிறுத்திய பிறகு ராயபுரத்து மாடியில் காயும் துணி வெளுத்தது, நிலக்கரி அங்கே போனதால் எண்ணூர்க்காரர் துணி கறுத்தது. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்ததை டிவியில் பார்த்திருப்பாய். நெய்வேலியில் உனக்கு இந்தக் கவலை குறைவு என்று நினைக்காதே, வருஷம் முழுக்கத் தும்முகிறவள் நீ. மூக்கை முதலில் காட்டு.

ஆபரேஷன் முடிந்த பிறகு இரண்டு மூன்று வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டுதான் தும்மவேண்டும், பொத்தினால் அந்தக் காற்று சவ்வை முட்டும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி உட்கார்ந்தவன் வாயைப் பிளந்துகொண்டு ஒரு தும்மல் போட்டேன் பார், அந்தப் பெட்டியில் பாதி பேர் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக்கூடாது, இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றித்தான் குடிக்கவேண்டும். காலையில் நீ செய்கிற கபாலபாதியை அடியோடு நிறுத்து. முகம் வீங்கும், கன்னம் மஞ்சளாகும், மூக்கில் கொஞ்சம் ரத்தம் வரும். அது போய்விடும். துகள் எலும்பாக ஆறு மாதமாவது ஆகும், பிறகு திருகு, அது பிடிக்க மூன்று நான்கு மாதம், அதற்குப் பிறகுதான் பல். தைக்குத் தொடங்கினால் அடுத்த மார்கழி.

இவ்வளவும் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்டால், எனக்கு இரண்டு பக்கமும் மெல்ல முடியாமல் போனதால் செய்துகொண்டேன். உனக்கு ஒரு பக்கத்தில் கடைசிப் பல்தான் இல்லை. அது இல்லாமலே ஆயுசு முழுக்க நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. கழற்றி மாட்டுகிற பல்செட்டும் இருக்கிறது, நீ சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டாய் என்றாலும். நான் ஸ்கேனை எடுத்துக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் போய்க் காட்டினேன். 1953-லிருந்து இருக்கிற இடம், கூட்டம் அதிகம், ஆனால் யாரும் பேக்கேஜ் பேச மாட்டார்கள். கோயிலில் மகிழடி சேவைக்கு இங்கே வரும்போது உன்னையும் கூட்டிப்போகிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

இப்போது செய்யவேண்டியது ஒன்றுதான். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும், எப்போதாவது எலும்புக்கு ஊசி போட்டிருந்தால் அந்தச் சீட்டையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த வருஷம் ஆரம்பித்தது என்று மாமாவைக் கேள், அவர் டைரியில் இருக்கும். வரும்போது பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ வாங்கி வா, வறுத்ததாகவே. இப்போது இரண்டு பக்கமும் கடிக்கிறேன்.

உன் தம்பி