நாற்பது குதிரைகள் பூட்டிய வள்ளம்

உடுவில் கடலைக் காணாத ஊர். செம்மண் தோட்டங்களும் பனை வேலிகளும் கிணற்றடிகளுமே அதன் எல்லைகள். வெங்காயம், மிளகாய், புகையிலை என்பனவே அவ்வூரவரின் அன்றாடக் கவலைகள். எனினும் கடலுக்கும் இவ்வூருக்கும் உறவு இல்லையென்று கூறிவிட முடியாது. அயலிலுள்ள கந்தரோடையில் கண்டெடுக்கப்பட்ட உரோம நாணயங்கள் கடல்வழியே வந்தவை. 1824ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியொன்றை நிறுவிய அமெரிக்க மிஷனரிமாரும் பாய்க்கப்பலிலேயே வந்திறங்கினர். இன்றோ அந்த உறவு மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிய பெட்டியில், பனிக்கட்டிக்கு நடுவே, மாதகலிலிருந்து காலைதோறும் ஒழுங்கைகளுக்குள் வந்து சேர்கின்றது.

மாதகலிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருவர், தம் இளைய சகோதரன் மனைவியின் நகைகளை ஈடுவைத்து நாற்பது குதிரைவலுக் கொண்ட வெளியிணைப்பு இயந்திரம் ஒன்றை வாங்கிய செய்தியை உடுவில் ஒழுங்கையொன்றிலே சொன்னார். அதுவரை அச்சகோதரனின் படகிற் பூட்டியிருந்தது பதினைந்து குதிரைவலு இயந்திரம். அது பழுதுபட்டுப் போனதுமன்று. சூடை மீனைக் கூறுபார்த்துக்கொண்டிருந்த முதிய பெண்மணிக்கு இது விளங்கவில்லை.

“மீன் என்ன மாடே, கலைச்சுப் பிடிக்க? உதுக்கு ஏன் தம்பி உவ்வளவு பெரிய இஞ்சின்?”

“மீன் பிடிக்க இல்லை ஆச்சி. போறதுக்கும் வாறதுக்கும்.”

ஆச்சியின் வினா நியாயமானது. கடற்றொழில் பெரும்பாலும் காத்திருக்கும் தொழில். செவுள்வலையை நீரில் இறக்கியபின் மீன் தானாக வந்து சிக்கவேண்டும். அந்நேரத்தில் இயந்திரம் அணைந்தே கிடக்கும். ஓரிரவில் இயந்திரம் ஓடும் நேரத்தைவிட அது ஓயும் நேரமே அதிகம். அவ்வாறாயின், ஓய்ந்துகிடக்கும் ஒரு பொருளின் வலுவுக்காக ஒரு குடும்பம் தன் நகைகளை இழக்கத் துணிவது ஏன்? மீன்காரரின் மறுமொழியிலே இதற்கான விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

மீன்பிடி நிலம் கரையிலிருந்து பத்துக் கடல்மைல் தொலைவில் உள்ளதெனக் கொள்வோம். மணிக்கு ஆறு கடல்மைல் வேகத்தில் ஊரும் படகு அவ்விடத்தை அடைய ஒரு மணி நாற்பது நிமிடம் செல்லும். பதினைந்து கடல்மைல் வேகத்தில் ஓடும் படகுக்கு நாற்பது நிமிடமே போதும். போக்கிலும் வரவிலுமாக இரண்டு மணி நேரம் மிஞ்சுகின்றது. அந்த இரண்டு மணி நேரத்தை வலை நீரில் கிடக்கும் நேரமாக மாற்றலாம். அன்றேல் ஏலத்துக்கு முதல் ஆளாக வந்து சேரும் நேரமாகவும் மாற்றலாம். விடிகாலையில் கரைசேர்ந்த முதற் படகின் மீனுக்குக் கிடைக்கும் விலை எட்டு மணிக்கு வரும் படகின் மீனுக்குக் கிடைப்பதில்லை. மருதனார்மடச் சந்தையிலே வாங்குபவர் விலை பேசுவது மீனின் வகையை மட்டும் பார்த்தன்று; அதன் கண்ணையும் செவுளின் நிறத்தையும் பார்த்துத்தான்.

நீரின் இயல்பும் இதிற் சேர்ந்துகொள்கிறது. ஓடும் படகு தன் முன்னே ஓர் அலையையும் பின்னே ஓர் அலையையும் எழுப்புகிறது. வேகம் கூடக்கூட இவ்வலைகளுக்கிடையேயுள்ள தூரமும் நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். நீர்மட்டத்தில் பதினெட்டடி நீளமுள்ள படகுக்கு இந்நிலை ஏறத்தாழ ஆறு கடல்மைல் வேகத்தில் வாய்க்கின்றது. அதன்பின் படகு தானே எழுப்பிய மேட்டின்மீது தானே ஏறவேண்டியதாகிறது. வலுக் குறைந்த இயந்திரம் அம்மேட்டை ஏறமாட்டாது, அணியத்தை வானுக்குத் தூக்கிக்கொண்டு, எண்ணெயை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும். வலு மிக்கதோ மேட்டைக் கடந்து, படகின் அடிப்பாகத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் நீரைத் தொட, நீரின்மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் நின்று உழலுவதுதான் மிகவும் செலவானது. கரையை விட்டுப் போகும்போது இலகுவாக மேடேறிய படகு, நனைந்த வலையும் பனிக்கட்டியும் மீனுமாகத் திரும்பும்போது அதே இயந்திரத்தால் ஏறமுடியாமற் போவதுமுண்டு. நல்ல பாடு கிடைத்த நாளிலேதான் சிறிய இயந்திரம் தன் உரிமையாளரைக் கைவிடுகின்றது என்பது தொழிலாளர் நன்கறிந்த கசப்பு.

உடுவிலுக்கு வந்த மிஷனரிமாரின் நாட்டிலே இக்கேள்வி வேறொரு கோலத்தில் எழுகின்றது. அங்கே ‘பாஸ்’ எனப்படும் நன்னீர் மீனைத் தூண்டிலிற் பிடிப்பது பெரியதொரு பொழுதுபோக்கு. 1967ஆம் ஆண்டில் ரே ஸ்கொட் என்பவர் ஆர்க்கன்சோ மாநிலத்தின் பீவர் ஏரியில் நடத்திய போட்டியோடு அது பணப்பரிசுக்குரிய விளையாட்டாகவும் வளர்ந்தது. இருபதடி நீளமுள்ள ஒரு படகின் பின்னே 250 குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டி ஏரியில் ஓடுவோர் அங்கே உளர். ஆனால் தூண்டில் போடும் வேளையில் அந்தப் பேரியந்திரத்தை அவர்கள் அணைத்துவிடுவர்; அணியத்திற் பொருத்திய, காலால் இயக்கும் சிறு மின்மோட்டரே மீன் மிரளாதவாறு படகை மெல்ல நகர்த்தும். போட்டி விடியலில் தொடங்கும். குறித்த நேரத்தில் நிறுவைக்குத் திரும்பாவிட்டால், தாமதத்துக்காக மீனின் நிறையிலிருந்து கழிப்பர். எனவே அங்கும் பேரியந்திரம் போவதற்கும் வருவதற்குந்தான். மாதகல் மீன்காரரின் மறுமொழியை அவர்களுள் எவரும் மறுக்கமாட்டார். வேறுபாடு யாதெனில், அவர்கள் பிடித்த மீனை நிறுத்துவிட்டு உயிரோடு மீண்டும் ஏரியில் விட்டுவிடுகின்றனர். இதைக் கேட்டால் ஆச்சி என்ன சொல்லுவார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

வெளியிணைப்பு இயந்திரத்தை வணிகப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவரான ஓலே எவின்றூட், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். ஏரியின் மறுகரையிலிருந்து ஐஸ்கிறீம் வாங்கித் துடுப்புவலித்து வருவதற்குள் அது உருகிவிட்டமையால் அவருக்கு இவ்வெண்ணம் பிறந்ததென்று ஒரு கதை வழங்குகிறது. 1909ஆம் ஆண்டில் அவரது இயந்திரம் விற்பனைக்கு வந்தது. கதை மெய்யோ பொய்யோ, அதிலும் உருகுவதற்கு முன்னே கரைசேரும் அவசரமே கருவாக உள்ளது. நோர்வே நாட்டவரின் கை இக்கடலிலும் பட்டதுண்டு. 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் அவர்களது உதவியோடு எழுந்த ‘சீநோர்’ நிறுவனம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. அதற்கு முன்னரே, 1952இல், கேரளத்தின் நீண்டகரையை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்தோ-நோர்வே திட்டம் இந்தியக் கரைகளில் இழுவைப் படகுத் தொழில் பரவுவதற்கு வழிகோலியது. இரு கரைகளுக்கும் நன்மை நாடியே வந்தவர்கள். நடுவிலுள்ள நீரிணை இத்துணை ஒடுங்கியது என்பதை எவரும் அப்போது பெரிதாக எண்ணவில்லைப் போலும்.

வடகரைத் தொழிலாளருக்குக் குதிரைவலு என்னுஞ் சொல் நேரத்தையும் விலையையும் மட்டும் குறிப்பதன்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009இல் போர் முடியும் வரை, எவ்வளவு தூரம் போகலாம், எந்நேரம் திரும்பவேண்டும் என்பவற்றோடு, எத்துணை வலுவுள்ள இயந்திரத்தைப் பூட்டலாம் என்பதும் கட்டளைக்கு உட்பட்டிருந்தது. விரைந்தோடும் படகு ஐயத்துக்குரிய படகு. மெல்ல ஊர்வதே உயிருக்குப் பாதுகாப்பு. குடாநாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிய மயிலிட்டியின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள்; துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையிலேயே. ஒரு தலைமுறை முழுவதும் வலுக்குறைந்த இயந்திரத்தோடு கரையோரத்தில் ஒதுங்கி வாழப் பழகிய பின்னர், விரும்பிய இயந்திரத்தை வாங்கலாம் என்ற நிலை வந்தபோது, ஆட்கள் பெரியதையே நாடியதில் வியப்பென்ன? அது வெறும் ஆடம்பரம் என்று உள்ளூர்வாசிகள் சிலர் பேசுவது பொருத்தமாகத் தோன்றவில்லை. தடுக்கப்பட்டிருந்த ஒன்றைக் கையால் தொட்டுப்பார்க்கும் ஆவலும் அதில் இருந்தது.

அச்சமும் இருந்தது. திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பாக்கு நீரிணையில் இறங்குவது வழக்கம். நூற்றுக்கு மேற்பட்ட குதிரைவலுவோடு அடிநிலத்தை வாரிச்செல்லும் றோலருக்கு முன்னே செவுள்வலை வெறும் நூல். வலை அறுந்துபோனால் அதனோடு கடனும் வளரும். இலங்கை 2017 ஜூலையில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தபோதும் வலைகள் அறுபடுவது ஓயவில்லை. இருளில் றோலரின் விளக்குகள் நெருங்குவதைக் கண்டவுடன் வலையை இழுத்தெடுத்து விலகி ஓடுவதற்குச் சில நிமிடங்களே உள்ளன. மாதகலில் நகை ஈடுவைத்த இளைஞனின் மனத்தில் ஏலத்தைவிட இந்த நிமிடங்களே நின்றிருக்கக்கூடும். எதிர்க்கரையிலும் இதே ஓட்டந்தான்: 2017இல் சென்னைக் காசிமேட்டில், சீன இயந்திரங்களைப் பூட்டிய படகுகள் மீனை வாரிக்கொண்டு போகின்றன என்று மீனவரே மீனவருக்கு எதிராக வீதிக்கு வந்தனர்.

இவ்விடத்திலேதான் உடுவில் விவசாயியின் அனுபவம் துணைக்கு வருகிறது. ஒரு காலத்தில் இவ்வூர்க் கிணறுகளில் துலா நின்றது. ஒருவர் துலாவிலேறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலில் நீர் மாறுவர். மனிதன் இறைக்கும் அளவுக்குக் கிணறு ஊறிக்கொடுத்தது. பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வேலை இலகுவாயிற்று, மூவரின் அரைநாள் உழைப்பு ஒருவரின் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் ஒருவன் பெரிய பம்பு பூட்டினால் அடுத்த வளவுக்காரனும் பூட்டுவான். நிலத்தின்கீழ் இருவருக்கும் நீர் ஒன்றே. குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறைக்குள் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படை. மிகையாக இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். முதலில் பெரிய பம்பு வாங்கியவனுக்கு இரண்டொரு போகம் ஆதாயம்; எல்லோரும் வாங்கியபின் எவருக்கும் ஆதாயமில்லை, எண்ணெய்ச் செலவு மட்டும் எல்லோருக்கும். கடலிலும் இதுவே நிகழ்கிறது. முதற் படகாகக் கரைசேர நாற்பது குதிரைவலு வாங்கியவன், துறையில் அனைவரும் நாற்பது வாங்கியபின் மீண்டும் நடுவரிசையிலேயே நிற்பான். ஆனாலும் தான் மட்டும் பதினைந்தோடு இருந்தால் கடைசி வரிசைக்குப் போய்விடுவான். ஆகவே வாங்குபவனை அறிவிலி என்று ஏசுவதற்கில்லை. அவனுடைய கணக்கு சரியானது. எல்லோருடைய கணக்கையும் ஒன்றாகக் கூட்டும்போதுதான் பிழைக்கின்றது.

கடனின் கதையும் இங்கே உண்டு. இயந்திரத்துக்கு வங்கி கொடுக்கும் கடனைவிட மீன் வாங்கும் முதலாளி கொடுக்கும் முற்பணம் எளிதிற் கிடைக்கும். ஆனால் அதைப் பெற்றவன் தன் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். ஏலத்துக்கு முந்திவருவதற்காக வாங்கிய இயந்திரம், ஏலத்தில் விற்கும் உரிமையையே எடுத்துவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்தபோது, உடுவில் வெங்காயச் செய்கையாளரும் மாதகல் கடற்றொழிலாளரும் ஒரே பொருளுக்காக வரிசையில் நின்றனர். வெளியிணைப்பு இயந்திரங்கள் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடுபவை. தோட்டத்துப் பம்பும் அவ்வாறே. அவ்வாண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. அதுவரை நேரத்தையும் தூரத்தையும் வைத்து எண்ணிய கணக்குகள் யாவும் அன்றோடு வேறாகிவிட்டன. கடலுக்குப் போவதா என்பதை முடிவுசெய்தது காற்றன்று, எண்ணெய்க் கலன். சோழகம் அடங்கி நீர் கண்ணாடியாகக் கிடந்த நாள்களிலும் படகுகள் மணலிலேயே கிடந்தன.

மீன்காரரின் சகோதரன் அவ்வாண்டு இறுதியில் நாற்பது குதிரைவலு இயந்திரத்தை விற்றார். வாங்கிய விலையிற் பாதியும் தேறவில்லை. பழைய பதினைந்தைப் போன்ற ஒன்று, வேறொருவர் பாவித்தது, இப்போது அவரது படகிற் பூட்டப்பட்டுள்ளது. நிலாக் காலத்துக்கு முன்னரான இருட்டு நாள்களில் மட்டும், அயற்படகுகள் இரண்டோடு சேர்ந்து, கரைக்கு அண்மையிலேயே வலை விடுகிறார். றோலர் வரும் இரவுகளில் போவதில்லை. நகைகளுள் ஒரு சோடிக் காப்பு மீட்கப்பட்டுவிட்டது. படகின் பின்பலகையில் பெரிய இயந்திரத்தின் பிடிகள் பதித்த அகன்ற தடம் இன்னும் தெரிகிறது. சிறிய இயந்திரம் அதன் நடுவே இருக்கிறது. இருபக்கமும் மிஞ்சிய இடத்துக்கு அவர் தார் பூசியிருக்கிறார், தண்ணீர் ஊறாமல்.