இசையாசிரியரும் பள்ளிக் கணினியும்

தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு என்பது பள்ளியின் கணினி, திரை, ஒலிபெருக்கி, இணையம் ஆகியவற்றைப் பாடவேளைக்கு ஏற்ப இயங்கச் செய்து, சக ஆசிரியர்களுக்கும் அவற்றைப் பழக்கிவிடும் பணி. தமிழகப் பள்ளிகளில் அது பெரும்பாலும் யாரேனும் ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பாகவே வளர்ந்திருக்கிறது. அந்தப் பொறுப்புக்கு இசையாசிரியர் பொருத்தமானவர் என்பது முதலில் வியப்பளித்தாலும், 2012இல் அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, ஓவியம், தையல், உடற்கல்வி ஆகியவற்றோடு இசையும் கணினியும் ஒரே பட்டியலில்தான் இருந்தன.

காலை வழிபாட்டுக்கும் ஆண்டு விழாவுக்கும் பாட்டுப் பழக்குபவரே மைக் செட்டையும் கவனிப்பது பல பள்ளிகளின் வழக்கமாதலால், கருவியோடு அவருக்குள்ள பழக்கம் கணினிக்கு முந்தியது. பெங்களூரின் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கிய பின், பாட்டுக்கு ஆதாரமான சுருதியையே மின்சுற்று தரும் நிலை இசைவகுப்புகளில் இயல்பாயிற்று. அதனினும் முக்கியமானது இசையாசிரியரின் கற்பிக்கும் முறை: நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது விலகும் ஒரு குரலைக் கேட்டறிந்து, அக்குழந்தை கூசாதபடி திருத்தும் பொறுமையே, கணினிக்கு அஞ்சும் மூத்த ஆசிரியருக்கு வருகைப்பதிவு முதலிய விவரங்களை ஏற்றும் ‘எமிஸ்’ தளத்தைக் கற்றுத்தரவும் வேண்டியிருக்கிறது.

ஆரணி ஆற்றங்கரையில் உள்ள பெரியபாளையம் போன்ற ஊரில், இசையாசிரியரிடம் இப்பொறுப்பைத் தருவது மேலும் பொருந்தும். ஆடி மாதத்தில் பவானியம்மன் கோயிலை நோக்கி வரும் கூட்டத்தோடு பம்பையும் உடுக்கையும் ஊருக்குள் வருகின்றன; தமிழோடு தெலுங்கும் புழங்கும் இவ்வட்டாரத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடி வந்த வடமாநிலக் குடும்பங்களின் பேச்சும் கலந்திருக்கிறது. தமிழகத்தின் 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அமைந்த ‘ஹைடெக் லேப்’ எனும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தை, இணையவழித் தேர்வுக்கு மட்டுமன்றி, பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பாட்டைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, ஒருவர் மொழியை மற்றவர் கேட்கும் இடமாகவும் ஆக்கலாம் என்பது இசையறிந்தவருக்கே முதலில் தோன்றும்.

ஆனால் இந்த நகர்வுக்கு இசைப் பாடவேளை விலையாகிவிடக் கூடாது. கணினிப் பொறுப்பைத் தந்துவிட்டுப் பாட்டு வகுப்பை எடுத்துக்கொள்ளும் பள்ளி, எந்தத் திறனுக்காக அவரைத் தேர்ந்ததோ அத்திறனையே வற்றச் செய்கிறது. வாரத்தில் சில பாடவேளைகளை ஒருங்கிணைப்புக்கென ஒதுக்கி, அதற்குரிய ஊதியத்தையும் பயிற்சியையும் அளித்து, எஞ்சிய நேரத்தில் அவரைப் பாட்டு ஆசிரியராகவே வைத்திருப்பதுதான் முறை.