பயணச்சீட்டும் பழைய வளவும்

விடுமுறைப் பயணமொன்றைத் திட்டமிடுவது வெறும் கணக்கு வேலை என்றே நெடுநாளாக எண்ணியிருந்தேன். எங்கே செல்வது, எந்த விமானத்திற் செல்வது, எவ்வளவு பணம் வேண்டும், எத்தனை மணி நேரம் பிடிக்கும், எத்தனை கிலோ பொதி கொண்டுபோகலாம் ஆகிய வினாக்களுக்கு விடை கண்டுவிட்டால் பயணம் தீர்மானமாகிவிடும் அல்லவா? 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத விடுமுறையில் எங்கள் குடும்பம் மேற்கொண்ட சிறு பயணமொன்று இவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

ரொறன்ரோவில் வாழும் என் மாமா, "நாலு பேரும் எங்கையாவது ஒருக்காப் போய் வாருங்கோ" என்று கூறிப் பணம் அனுப்பியிருந்தார். நால்வர் என்பது அப்பா, அம்மா, அம்மம்மா, நான். மூவருக்கு மூன்று விருப்பங்கள் இருந்தன. அப்பா சிங்கப்பூர் என்றார். குறுகிய காலத் தங்கலுக்கு முற்கூட்டியே விசா பெறவேண்டியதில்லை என்பதும், ஒழுங்கான நகரம் என்பதும் அவர் கூறிய நியாயங்கள். அம்மா சிதம்பரம் என்றார். வரலாறு பயிலும் மாணவனாகிய எனக்கோ தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கண்ணாற் காணவேண்டும் என்பது பலநாள் அவா. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கற்றளியைப் பற்றிப் பரீட்சை விடைத்தாளில் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். அதன் நிழலில் ஒரு கணமேனும் நின்றதில்லை. அம்மம்மா தம் விருப்பம் எதனையும் கூறவில்லை. ஈற்றில், செலவு கருதி இந்தியாவே முடிவாயிற்று.

அடுத்து எழுந்தது, எங்கிருந்து பறப்பது என்ற வினா. யாழ்ப்பாணத்தில் வாழ்வோருக்கு இது விசித்திரமான வினா. கட்டுநாயக்கா செல்வதெனில் ஓர் இரவு முழுவதும் பேருந்தில் தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். அங்கிருந்து சென்னைக்குச் செல்லும் விமானமோ ஏறத்தாழ 645 கிலோமீற்றர் வடக்கு நோக்கிப் பறக்கின்றது. இரவெல்லாம் கடந்து வந்த தூரத்தை வானில் மீண்டும் கடந்தே அப்பாற் செல்லவேண்டும். பலாலியிலிருந்து சென்னை வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர் மட்டுமே. திருச்சிராப்பள்ளி அதனினும் அண்மையானது. கட்டுநாயக்காவைக் காட்டிலும் அதுவே எமக்குக் கிட்ட இருக்கின்றது. எனினும் அவ்வேளை பலாலியிலிருந்து செல்லும் சேவை ஒன்றேயாகையாற் கட்டணம் கூடுதலாக இருந்தது. பொதிக்கு அனுமதித்த நிறையும் குறைவு.

நான் கொப்பியில் ஓர் அட்டவணை வரைந்தேன். கட்டணம், பேருந்துச் செலவு, நேரம், பொதி என நான்கு நிரல்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தபோது, கட்டுநாயக்கா வழியாற் சென்றால் ஒருவருக்கு 9,000 ரூபா மிச்சமாகும் என்று கண்டேன். நால்வருக்கு 36,000 ரூபா. தஞ்சாவூரில் இரண்டு நாள் தங்கிவர அப்பணம் போதும். அட்டவணையைப் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அப்பாவும் தலையசைத்தார். அப்போதுதான் மூலையிலிருந்து அம்மம்மாவின் குரல் கேட்டது.

"மோனை, போறதெண்டால் பலாலியாலை போவம். இல்லாட்டி நான் வரேல்லை."

அம்மம்மாவின் பிறந்த வளவு வலிகாமம் வடக்கில், பலாலி ஓடுபாதைக்கு வடக்கே உள்ளது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரும் வெளியேறினார். பின்னர் அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிவிட்டது. யுத்தம் 2009இல் முடிவுற்றபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் அம்மம்மா பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சேவையாளர் பிரிவுகளின் பெயர்களை வாசிக்கச் சொல்வார். அவருடைய காணி எப்பட்டியலிலும் வரவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் அம்மண்ணில் காலடி வைக்கவில்லை.

எனினும் அவருடைய பிடிவாதத்துக்கு அதனினும் பழைய காரணமொன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் அமைத்த அவ்வோடுபாதை, போர் முடிந்ததும் குடிமக்களின் பயணத்துக்கு உதவியது. 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோனின் முதலாவது சேவை, இரத்மலானையிலிருந்து பலாலிக்கு வந்து சென்னைக்குச் சென்றது. பூட்டனார், அதாவது அம்மம்மாவின் தந்தையார், 1955ஆம் ஆண்டளவில் வியாபார அலுவலாக அவ்வாறு ஒருமுறை சென்னைக்குப் பறந்தாராம். பத்து வயதுச் சிறுமியாகிய அம்மம்மா கிணற்றடியில் நின்று கையசைத்தார். திரும்பி வந்த தந்தையார், "மேலையிருந்து உன்னைக் கண்டனான், கிணத்துக் கட்டையும் கண்டனான்" என்று கூறினாராம். அது மெய்யோ மகளை மகிழ்விக்கச் சொன்ன பொய்யோ, அறியோம். அம்மம்மா அதனை மறக்கவில்லை.

நான் வாதாடினேன். வளவு தெரிவதாயினும் அரை நிமிடத்துக்கு மேல் தெரியாது; முகில் இருந்தால் அதுவும் இல்லை; அரை நிமிடத்துக்கு 36,000 ரூபாவா என்றேன். அம்மம்மா கோபிக்கவில்லை. "தெரியாட்டிலும் பரவாயில்லை. அதுக்கு மேலாலை போவன் தானே" என்றார். அதற்கு விடையாக என் அட்டவணையில் எதுவும் இருக்கவில்லை. பலாலி வழியே நான்கு சீட்டுகள் பதிவாயின. தஞ்சாவூர் கைவிடப்பட்டது. எனக்கு அன்று மனம் கசந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆயினும், பணத்தைச் செலவிட்டாயிற்று. அந்த அரை நிமிடத்தையாவது வீணாக்கலாகாது என்று நினைத்தேன். விமானங்கள் காற்றை எதிர்கொண்டே மேலெழுவன. ஓகஸ்ட் மாதம் குடாநாட்டிற் சோழகம் வீசும் காலம். எனவே தென்மேற்கு நோக்கி ஓடி எழுந்து, வலப்புறம் திரும்பி வடக்கே செல்லும் என்று ஊகித்தேன். அவ்வாறாயின் ஓடுபாதைக்கு வடக்கேயுள்ள நிலம் வலப்பக்கத்தில் தெரியும். வலப்பக்க யன்னலோர இருக்கையொன்றை அம்மம்மாவுக்கு ஒதுக்கினோம். சேவையில் ஈடுபட்டிருந்தது ஏ.ரி.ஆர். 72 என்னும், ஏறத்தாழ எழுபது பேர் அமரக்கூடிய சிறு விமானம். அதன் சிறகுகள் உடலின் மேற்புறத்திற் பொருத்தப்பட்டிருப்பதால் யன்னலிலிருந்து கீழே நோக்குவோரின் பார்வையை அவை மறைப்பதில்லை. பெரிய விமானத்தில் இவ்வசதி கிடைத்திராது.

எழுபத்தெட்டு வயதில் அம்மம்மா முதன்முதலாக விமானமேறினார். சுழல்விசிறிகளின் இரைச்சல் கூடிற்று, ஓடுபாதை விலகிற்று, விமானம் வலப்புறம் சாய்ந்தது. பனைகள் சிறுத்தன. பற்றைக் காடும், அவற்றிடையே சதுரஞ் சதுரமாகச் செம்பாட்டு நிலமும், கூரையற்ற சுவர்களும் தெரிந்தன. அம்மம்மா நெற்றியை யன்னற் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு விரலை உயர்த்தி எதனையோ சுட்டினார். கிணற்றையா, மரத்தையா, வேறொருவருடைய வளவையா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் கடல் வந்துவிட்டது.

"கண்டனீங்களோ, அம்மம்மா?" என்று கேட்டேன்.

"எல்லாம் பத்தையாய்ப் போச்சு. ஆனால் மண் அந்தச் சிவப்புத்தான்" என்றார்.

சென்னையில் இரண்டு நாளும் சிதம்பரத்தில் ஒரு நாளும் தங்கினோம். அம்மா தில்லைக் கோயிலில் கண்ணீர் மல்க நின்றார். அப்பா தெருத்தெருவாக நடந்து புத்தகங்கள் வாங்கி, பொதி நிறைக்கு அஞ்சிப் பாதியை அங்கேயே உறவினர் வீட்டில் விட்டுவந்தார். அம்மம்மா எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் நன்று என்றார். ஆனால் வீடு திரும்பியபின் அயலாரிடம் அவர் விரிவாகக் கூறியது அந்த அரை நிமிடத்தைப் பற்றியே. ஒவ்வொரு முறை கூறும்போதும் கிணற்றுக்கட்டு சற்றுத் தெளிவாகிக்கொண்டே வந்தது. நான் ஒருநாளும் மறுத்துரைக்கவில்லை.

அதன்பின் வழிகள் பெருகியுள்ளன. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை தொடக்கிவைக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே மற்றுமொரு விமான சேவை வந்தது; 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை தொடங்கியது. இன்று அதே அட்டவணையை வரைந்தால் தொகைகள் வேறாக இருக்கலாம். கணக்குப் பார்ப்பதைப் பிழையென்று நான் கூறவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் கணக்குப் பார்க்காமற் பயணம் செய்ய முடியாது. ஆனால் அன்று நான் வரைந்த நான்கு நிரல்களும், பயணஞ் செய்வோர் நால்வரும் ஒரே வகையினர் என்று கருதியே வரையப்பட்டவை. ஒருவருக்குப் பயணத்தின் நோக்கம் சென்று சேரும் ஊராக இருக்கும்; இன்னொருவருக்கு அது புறப்படும் இடத்திலேயே நிறைவேறிவிடும். சீட்டை வாங்குமுன் உடன் வருபவரிடம் அதனைக் கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை, அம்மம்மாவே சொல்லவேண்டியிருந்தது.

சென்ற விடுமுறையில் வீடு சென்றபோது அம்மம்மா என்னை அருகே அழைத்தார்.

"மோனை, வாடைக் காலத்திலை பிளேன் மற்றப் பக்கத்தாலை எல்லோ எழும்பும்?"

ஆம் என்றேன். காற்று வடகிழக்கிலிருந்து வீசினால் அத்திசை நோக்கியே எழும் என்று விளக்கினேன்.

"அப்ப ஒருக்கா மார்கழியிலையும் போய்ப் பாப்பம். இந்தமுறை உன்ரை தஞ்சாவூருக்கும் போவம்" என்றார்.

மீண்டும் கொப்பியை எடுத்திருக்கிறேன்.