சிலோன் ஸ்டேஷனும் சின்ன மாமியும்

எங்கள் வீட்டில் ரேடியோவுக்கு இடம் பத்தாயத்தின் மேல். கூடத்துச் சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு நிற்கும் பத்தாயம் அது. அதன் தலையில் பெட்டியை வைத்தால் பெரியப்பா கைக்கு எட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாது என்கிற கணக்குதான். தோலுறை போட்ட மர்பி டிரான்சிஸ்டர், பக்கத்தில் வருஷா வருஷம் போஸ்டாபீஸில் பணம் கட்டி வாங்கி வருகிற லைசென்ஸ் புத்தகம், அதன் மேல் அப்பாயியின் சுருக்குப்பை. விடியற்காலையில் கொல்லையில் நெல் அவிகிற வாசனையும், அண்டாவுக்கு அடியில் எரிகிற பதர்ப் புகையும், பெரியப்பா குமிழைத் திருகும்போது வருகிற கொரகொரப்பும் எனக்கு இன்றைக்கும் ஒன்றாகவே ஞாபகம் வருகின்றன.

பெரியப்பாவுக்கு ரேடியோ என்றால் திருச்சி நிலையம், திருச்சி நிலையம் என்றால் விவசாய நிகழ்ச்சி. ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துவிட்டது. வானொலியில் சொல்லிச் சொல்லியே விதைக்க வைத்த நெல் அது. நெல்லைப் பற்றிப் பேசாத நேரத்தில் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "பேட்டரிக் கட்டை என்ன வாய்க்கா தண்ணியா, தொறந்து வுட்டா வந்துகிட்டே இருக்க?" என்பார். தீர்ந்துபோன கட்டைகளைத் திண்ணையில் வெயில் காட்டி, இன்னும் இரண்டு நாள் உயிர் வாங்குகிற வேலை என்னுடையது.

சித்தப்பா வேறு கட்சி. பூண்டி புஷ்பம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர், லீவுக்கு வந்தால் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பாட்டுப் புத்தகமுமாக முள்ளியாற்றுப் பாலத்தில் இறங்கி நடந்து வருவார். பெரியப்பா களத்தில் நெற்பட்டறைக்குக் காவலாகப் படுக்கப் போகிற ராத்திரிகளில்தான் பெட்டி கீழே இறங்கும். திண்ணையில் வைத்து, மெல்ல மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் சித்தப்பா. ஒரு கோணத்தில் வெறும் இரைச்சல், இன்னொரு கோணத்தில் பளிச்சென்று ஒரு குரல். உள்ளே செப்புக் கம்பி சுற்றிய ஃபெரைட் தண்டு ஒன்று படுத்திருக்கிறது, அலை வருகிற திசைக்கு அது குறுக்காக அமைந்தால்தான் நன்றாக எடுக்கும் என்று அவர் விளக்குவார்; நானோ ரேடியோ கடலைப் பார்த்தால்தான் பேசும் என்று நம்பி, பள்ளிக்கூடத்தில் அதை வேறு நாலு பேருக்கு உபதேசமும் செய்துவிட்டேன்.

கடல் ஒன்றும் எங்களுக்குத் தூரமில்லை. திருத்துறைப்பூண்டியைத் தாண்டினால் வேதாரண்யம், அப்பால் கோடிக்கரை, அங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் பருத்தித்துறை. 1972-ல் அந்த நாடு தன் பெயரை ஸ்ரீலங்கா என்று மாற்றிக்கொண்ட பிறகும் எங்கள் ஊரில் அது சிலோன் ஸ்டேஷன்தான். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் பேசுவதைக் கேட்டு நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வது, பி.எச். அப்துல் ஹமீது ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்தாற்போல் உச்சரிப்பது. சினிமாப் பாட்டுக்கு நடுவே திடீரென்று ஒருநாள் அது வந்தது.

முதலில் ஏதோ நரம்பைச் சுண்டுகிற சத்தம். வீணை இல்லை, வில்லுப்பாட்டும் இல்லை. அதற்கு மேல் ஓர் ஆண் குரல், தொண்டையை இழுக்காமல், பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ஒரு மாமியிடம் அவள் மகள் எங்கே என்று விசாரிக்கிற பாட்டு. டி.எம்.எஸ். பாடினால் ஊர்க்கோடியில் நிற்கிற மாடு திரும்பிப் பார்க்கும். இவரோ நம் காதுக்கு மட்டும் பாடினார். நித்தி கனகரத்தினம் என்றார் அறிவிப்பாளர், பாடல் 'சின்ன மாமியே' என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், கித்தார் வைத்துக்கொண்டு பாடுவார், 1960களின் கடைசியிலேயே இப்படி ஆரம்பித்துவிட்டார் என்றெல்லாம் சித்தப்பா எங்கிருந்தோ விவரம் சேகரித்துவிட்டார். அவருக்குத் தாங்க முடியாத ஆச்சரியம் ஒன்றே ஒன்றுதான். "இவரே எழுதி, இவரே மெட்டு போட்டு, இவரே பாடுறாரும்மா!"

அப்பாயி வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, "திருவையாத்து சாமி மட்டும் ஆளு வச்சா எழுதிச்சு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தியாகையர் தானே இயற்றியதைத் தானே பாடிக்கொண்டு வீதியில் உஞ்சவிருத்தி எடுத்தவர். நாகப்பட்டினத்துப் பக்கம் நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியும் அப்படித்தான். நந்தனார் சரித்திரத்தைத் தானே எழுதித் தானே கதை சொல்லிப் பாடியவர். சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிற நந்தன் பாட்டுகளை அப்பாயி தவிடு புடைத்துக்கொண்டே முணுமுணுப்பாள். ஆனால் கித்தார்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். பிஸ்கட் தகர டப்பாவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, நானாக ஒன்று செய்து பார்த்தேன். டொய்ங் என்ற ஒரே சுரம். அதை வைத்துக்கொண்டு நான் பாடிய அழகில் கொட்டகையில் அடைகாத்த கோழி எழுந்து போய்விட்டது என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்கிற பாட்டு ஒன்றும் நித்தி கனகரத்தினத்தினுடையதுதான். எங்கள் பக்கம் அதற்குத் தனி மவுசு. 1971-ல் மதுவிலக்கை எடுத்துக் கடை திறந்து, 1974-ல் மறுபடி மூடிய காலம் அது. சாயங்காலம் ஆற்றங்கரைக் கடையிலிருந்து ஆடி ஆடி வருகிறவர்களே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு வருவார்கள். ஏ.ஈ. மனோகரன் வந்ததும் ஊரே குலுங்கியது. அவருடைய 'சுராங்கனி' தமிழும் சிங்களமும் கலந்து ஓடும். போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் தீவில் விட்டுப்போன பைலாத் தாளம் அதில் இருக்கிறது என்பதும், அந்தப் பைலாவை மேடையேற்றிப் பிரபலமாக்கிய வாலி பஸ்தியான்ஸ் ஒரு போலீஸ்காரர் என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பாட்டு வந்தால் வைக்கோல் போரிலிருந்து குதித்தே ஆக வேண்டும் என்பதுதான். 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதை எடுத்துக்கொண்டபோது, "நம்ம பாட்டைப் போட்டுட்டாங்கடா" என்று உரிமையோடு பேசிக்கொண்டோம்.

முத்துப்பேட்டையில் சித்தப்பாவுக்கு ஒரு சிநேகிதர். அவர் வீட்டுச் சபராளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து நேஷனல் பேனாசோனிக் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்திருந்தார். அத்தர் மணக்கிற அந்தக் கூடத்தில், பீங்கான் கோப்பையில் தேயிலைத் தண்ணீர் குடித்துக்கொண்டு ஜிம் ரீவ்ஸையும் ஜான் டென்வரையும் கேட்டோம். ஒரு வார்த்தை புரியவில்லை. டென்வர் பாடுவது மலையும் ரோடும் ஊருக்குத் திரும்புவதும் என்று சிநேகிதர் சொன்னார். அவசரமில்லாத குரல், கூடவே ஒரு கித்தார், சொந்த ஊர்ச் சமாசாரம். அவ்வளவுதானே, இது நம்ம நித்தி வகையறா என்று சித்தப்பா முடிவு கட்டிவிட்டார். கேசட் உறையில்தான் கித்தாரை முதன்முதலாகப் பார்த்தேன். என் டப்பாவில் ஐந்து நரம்பு குறைவு.

இதெல்லாம் கேட்கிறவர்கள் கதை. பாடுகிறவர்கள் கதை ஒரு வருஷம் சம்பா நடவில் நடந்தது. சேடை ஓட்டி, அண்டை வெட்டி, வயல் முழுக்கச் சேற்று மணம். நடவாட்கள் குலவை போட்டு இறங்கிவிட்டார்கள். குனிந்த வரிசையில் பாட்டெடுத்துக் கொடுக்கிற ஆயா ஒருத்தி உண்டு. பழைய நடவுப் பாட்டுக்குப் பதிலாக அன்றைக்கு அவள் எடுத்தது டீக்கடை ரேடியோவில் கேட்ட அந்த மாமி மெட்டு. மெட்டு யாழ்ப்பாணம், பாட்டு எங்கள் ஊர். மாமியிடம் மகளைக் கேட்கவில்லை. பெரியப்பாவிடம், வீட்டில் இருந்த பெரிய மரக்கால் எங்கே போச்சு, படிக்கப் போச்சா, பட்டணம் போச்சா என்று கேட்டார்கள். அந்த வருஷம் கூலி அளக்கச் சின்ன மரக்கால் களத்துக்கு வந்திருந்தது. கூலித் தகராறுக்குச் செங்கொடி ஊன்றிய வட்டாரம்தான் எங்களுடையது. இந்த முறை கொடி வரவில்லை, பாட்டு வந்தது. வரப்பில் குடையோடு நின்ற பெரியப்பா எங்கேயோ மடையைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்காலில் முகம் கழுவினார்.

ராத்திரி சாப்பாட்டில் பெரியப்பா பொதுவாகக் கேட்டார்: "அது என்னடா பாட்டு, மரக்கால் பாட்டு?"

"சிலோன்ல போடுறதுண்ணே."

"அந்த ஊர்லயும் இப்படித்தான் அளக்குறானுவளா?" என்றார். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் அவர் இலையில் மோரை ஊற்றினாள். மறுநாள் கூலி அளக்க வெளியே வந்தது பெரிய மரக்கால். பிற்பாடு ஆஸ்திரேலியா போய்க் குடியேறிவிட்ட நித்தி கனகரத்தினத்துக்கு, முள்ளியாற்றங்கரையில் தன் மெட்டு வாங்கித் தந்த கூலி உயர்வு தெரிந்திருக்க வழியில்லை. எங்காவது படிக்க நேர்ந்தால், அவர் பங்குக்கு ஒரு மரக்கால் நெல் எங்கள் பத்தாயத்தில் பாக்கி.