முதல் நாளின் எளிமையும் நூறாம் நாளின் வேகமும்

கொல்கத்தாவின் நியூ டவுனில், அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் ஒன்பதாம் தளத்தில், வங்க நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார் திருநெல்வேலிக்காரரான ஒரு மொழிபெயர்ப்பாளர். நான்கு மாதங்களில் 350 பக்கங்களை முடிக்க வேண்டும். இரண்டாம் மாதமே மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது.

அவர் பழகியிருந்தது ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் திரையில் தமிழ் தோன்றும். ஆங்கிலத் தட்டச்சு அறிந்தவருக்கு அதில் புதிதாகக் கற்க ஏறக்குறைய எதுவுமில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியும் அவ்வழியிலேயே வங்காளம் எழுதினாள். மெஹ்தி ஹசன் கான் என்ற வங்கதேச மருத்துவ மாணவர் 2003இல் வெளியிட்ட அவ்ரோ மென்பொருள் அவளுக்குத் துணை. இத்தகைய கருவிகள் இல்லையென்றால் கணினியில் தாய்மொழியைத் தொட்டே இராதவர்கள் பலர்.

ஆனால் அந்த எளிமைக்கான விலை ஒவ்வொரு சொல்லிலும் வசூலாகிறது. ‘வணக்கம்’ என எழுத ஒலிபெயர்ப்பில் எட்டுத் தட்டல்கள். ணகரத்துக்கு ஷிப்ட் விசை வேறு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஆறே தட்டல்கள். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரமும், நகரத்தை அடுத்துத் தகரமும் வந்தாலும் அப்படியே. தமிழின் எழுத்து மரபு விசைகளுக்குள் புகுந்து வேலை செய்கிறது.

அதைக் கற்க அவர் இருமுறை முயன்றார்; இருமுறையும் கைவிட்டார். கெடு நெருங்கும்போது ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் செலவிட யாரால் முடியும்? மூன்றாம் முறை வழியை மாற்றினார். நாவல் பழைய முறையிலேயே தொடர்ந்தது; அம்மாவுக்குக் கணினி வாட்ஸ்அப்பில் அன்றாடம் அனுப்பும் செய்தியை மட்டும் தமிழ்99இல் எழுதினார். ஊரிலிருந்து குரல்பதிவு வந்தது: “ஏட்டி, ரெண்டே வரியில முடிச்சிட்ட? ஒடம்புக்கு முடியலையா?”

இடைமுக வடிவமைப்பில் எளிமையா, வேகமா என்ற வாதம் ஓய்வதில்லை. அதற்கு முன் கேட்க வேண்டியது, பயன்படுத்துபவர் எத்தனை நாள் அதனுடன் வாழப்போகிறார் என்பது. மெட்ரோ நிலையத்துச் சீட்டு இயந்திரத்தின் முன் பயணி ஒரு நிமிடம் நிற்கிறார். முன்பதிவு எழுத்தர் நாள் முழுதும் அதே திரையில் உழைக்கிறார். இருவருக்கும் ஒரே திரை பொருந்தாது. அடுத்த கேள்வி, முன்னவர் பின்னவராக மாறும் காலத்தில் அவருடைய தடுமாற்றத்தை எந்த இடம் தாங்கிக்கொள்ளும் என்பது. நல்ல மென்பொருள், பட்டியலில் ‘சேமி’ என்ற கட்டளையின் அருகிலேயே அதன் குறுக்கு விசையையும் காட்டிவைக்கிறது. அவசரக்காரர் சொடுக்கிச் செல்லலாம். தினமும் வருபவர் ஒருநாள் விசைக்கு மாறலாம். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு அத்தகைய இடத்தை மென்பொருள் தரவில்லை, அம்மா தந்தார்.

நாவல் பன்னிரண்டு நாள் தாமதமாகவே பதிப்பகத்துக்குச் சென்றது. கடைசி 60 பக்கங்கள் தமிழ்99இல் எழுதப்பட்டவை. மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது, முற்றிலும் நீங்கவில்லை. அம்மாவுக்குச் செல்லும் செய்திகள் மட்டும் நீண்டுகொண்டே போகின்றன.